பனி வருஷத்து மூன்றாம் சுற்று

க்ளோஹான், க்ளேர், அயர்லாந்து
9 ஜனவரி 1979

தங்கை நோனிக்கு,

அண்ணன் முர்ட்டி சொல்லச் சொல்ல, பப் வைத்திருக்கிற ப்ரீட் மரினன் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், மாடு நாலும் இருக்கிறது, நாய் கேப்டன் இருக்கிறான், கூரையும் இந்த வருஷக் காற்றுக்குத் தப்பி இருக்கிறது. உன் முழங்கால் இப்போது மடங்குகிறதா?

அப்பா அந்த ஜிக் ஆட்ட மெட்டை எந்த வருஷம் கட்டினார் என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் கேட்டிருந்தாய். பெரும்பனி விழுந்த வருஷம். வேலியெல்லாம் மூடிப்போய், தபால்காரர் பேக்கி நம் வயலுக்கு மேலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாரே, அந்த வருஷம். கெர்ரிக்காரர்கள் கால்பந்து இறுதிப் பந்தயத்துக்கு நியூயார்க் வரைக்கும் போய்த் தோற்றுவிட்டு வந்ததும் அதே வருஷம்தான். நம்பர் வேண்டுமென்றால் ப்ரீட் போட்டுக்கொள்ளட்டும். எழுத்தும் எண்ணும் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். (1947. ப்ரீட்.)

ஐந்து நாள் கதவைத் திறக்க முடியவில்லை. அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடிலில் மெட்டின் இரண்டு பகுதியை, இரண்டு சுற்றை, கட்டினார். உனக்கு அந்த இரண்டுதான் தெரியும் என்கிறாய். மூன்றாவது ஒன்று உண்டு. நீ பிரான்ஸ் போன பிறகு, கல்யாணமானாலும் சரி, அறுவடை ஆட்டமானாலும் சரி, அந்த மூன்றாம் சுற்று இல்லாமல் அவர் பிடிலைக் கீழே வைத்ததில்லை.

உன் வீட்டுக்காரர் விட்டுப்போன ஹர்டி-கர்டியில் நம் ஊர் மெட்டுகளை வாசிப்பதாக எழுதியிருக்கிறாயே, அது என்ன சாமான்? ப்ரீட் இதை உரக்கப் படித்தபோது ஜாக்கி டால்ட்டி பக்கத்தில் நின்றான். கான்செர்ட்டினா என்கிற துருத்திப் பெட்டி வாசிக்கிறவன். அவன் வாய் சும்மா இருக்காது.

"கைப்பிடிய சுத்துனா பாட்டு வருதாமா? எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. சுத்துனா வெண்ணெ வரும்."

"உன் பெட்டில இருந்து காத்து மட்டுந்தான வருது, ஜாக்கி," என்றாள் ப்ரீட். (இதை எழுதியே ஆகவேண்டும் என்றது அவர்தான். ப்ரீட்.)

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

அண்ணன்,
முர்ட்டி

*

சேன் வலெந்தான், லா ஷாத்ர் பக்கம்
27 ஜனவரி 1979

அன்புள்ள அண்ணா,

முழங்கால் மடங்குகிறது, ஆனால் என்னிடம் கேட்டுக்கொண்டு மடங்குவதில்லை. மற்றபடி சுகம். ப்ரீட்டின் கைவலி எப்படி? நீ சொல்வதையெல்லாம் எழுத அவளுக்குப் பத்துக் கை வேண்டும்.

டால்ட்டிக்குச் சொல்: வெண்ணெய் வராது. மடியில் வைத்து, வலது கையால் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு மரச்சக்கரம் தந்திகளை உரசும். அதுதான் வில். இடது கை விரல்கள் கட்டைகளை அழுத்தினால் மெட்டு வரும். மெட்டுக்கு அடியில் சுருதித் தந்திகள் ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு தந்தி சின்ன மரத்துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இங்கே நாய் என்று பெயர். மணிக்கட்டை வெட்டிச் சுற்றினால் அது குரைக்கும். ஜிக் என்றால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குரைப்பு. இதைப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

என் வீட்டுக்காரர் எத்தியென் காலமான பிறகு அதைத் துடைத்துவைக்கத்தான் எடுத்தேன். சக்கரம் தானாக அசைந்தது. அசைந்ததும் கையில் வந்தது அவருடைய ஊர்ப் பாட்டு இல்லை, நம்முடையது.

அண்ணா, ஆகஸ்டில் வரலாம் என்றிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. நான் கிளம்பின காலையில் அப்பா மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. என் கடிதம் எதற்கும் அவரிடமிருந்து பதிலும் வரவில்லை. அவருக்கும் எழுத்துத் தெரியாது என்பது சரிதான், ஆனால் நீ ஒரு ப்ரீட்டைப் பிடித்துக்கொண்டாய் அல்லவா? என்னை மன்னித்தாரா இல்லையா என்று இனி யாரைக் கேட்பது? அதனால் அவர் ஜிக்கை அதே அடுப்படியில், உன் புல்லாங்குழலோடு சேர்ந்து, முழுசாக ஒரு தடவை வாசிக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். மூன்றாம் சுற்றை கேசட்டில் பிடித்து அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நோனி

*

க்ளோஹான்
12 பிப்ரவரி 1979

தங்கை நோனிக்கு,

மழை. நான் சுகம். கேப்டனுக்குக் காலில் முள். நீ வருகிறாய் என்றதும் ப்ரீட் இப்போதே மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்க்கிறாள்.

கேசட்டை இதோடு வைத்திருக்கிறோம். ப்ரீட்டின் ரெக்கார்டருக்கு பேட்டரி இல்லை. குளிர்காலம் முழுக்கக் கன்று போடுகிற மாட்டைப் பார்க்க நான் வைத்திருந்த டார்ச்சிலிருந்து நாலு பேட்டரிக் கட்டையை எடுத்துப் போட்டோம். முதலில் உன் பெயர் சொல்லி இரண்டு வார்த்தை பேசியிருக்கிறேன். பிறகு ஜிக், மூன்று சுற்றும், இரண்டு தடவை. அதே மெஷினில் போட்டுக் கேட்டோம். சரியாகத்தான் இருந்தது.

தபால் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்கிறான் டால்ட்டி. அவன் சொன்னது எதுவும் நடந்ததில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் கவலை.

நன்றாகச் சாப்பிடு.

முர்ட்டி

(இவர் எழுத வேண்டாம் என்ற ஒரு செய்தி உண்டு. எழுதவில்லை. நவம்பரிலிருந்து நிறைய சூப் குடிக்கிறார் என்று மட்டும் போடலாமா என்றேன். "சூப்னு போட்டா கண்டுபிடிச்சிருவா," என்றார். ப்ரீட்.)

*

சேன் வலெந்தான்
4 மார்ச் 1979

அன்புள்ள அண்ணா,

கேசட் கிடைத்தது. சமையலறை மெஷினை பிளக்கில் சொருகிப் போட்டேன். கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே போட்டுவிட்டேன்.

உனக்கு எழுபத்தொரு வயது என்று யார் சொன்னது? குரல் இருபது வயதுப் பையன் குரல். வாசிப்போ, தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடிவருகிறவன் மாதிரி. இந்த வயதில் இந்த மூச்சு எங்கேயிருந்து? சூப்பில் ப்ரீட் என்ன போடுகிறாள்?

சுருதி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. என் பெட்டியைவிட முழுசாக ஒரு கட்டை மேலே நிற்கிறது. உச்சத்தில் ஊதுகிற குட்டைக் குழல் ஒன்று வாங்கிவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை, நான் ஏறி வருகிறேன்.

ஒரு விஷயம் வேடிக்கை. மூன்றாம் சுற்றைக் கேட்டுக்கேட்டுப் படிப்போம் என்று உட்கார்ந்தால், டேப் அங்கே போவதற்கு முன்னாடியே என் விரல் போய் நிற்கிறது. அப்பாவின் பிடில் காதில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேப்டனின் முள் வந்துவிட்டதா?

நோனி

*

சேன் வலெந்தான்
29 ஏப்ரல் 1979

அன்புள்ள அண்ணா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. ப்ரீட்டின் பப்புக்கு ஃபோன் போட்டால் அங்கே எக்ஸ்சேஞ்ச் ஆட்களும் வேலைக்கு வரவில்லையாம். வேலைநிறுத்தம்தான் காரணம் என்று பகலில் தெரிகிறது. பிறகு, அப்பா கடிதங்களுக்கும் இப்படித்தானே காத்திருந்தேன் என்று தோன்றிவிடுகிறது. உனக்கு ஒன்றும் கோபமில்லையே?

எல்லாத் தந்தியையும் ஒரு கட்டை ஏற்றிக் கட்டிவிட்டேன். இரண்டு அறுந்தன. ஒன்று என் கன்னத்தில் கோடு போட்டுவிட்டுப் போயிற்று. உன் வேகத்துக்கு நாயைக் குரைக்கவைக்க மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மூஸ்யே பெரினோ நேற்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "மேடம் நோனி, யாராவது துரத்துறாங்களா?"

"எங்கண்ணன்," என்றேன்.

கிடைத்தால் ஒரு வரி போடு. சுகமா?

நோனி

*

க்ளோஹான்
30 ஜூன் 1979

தங்கை நோனிக்கு,

கோபமா? எனக்கா? பதினெட்டு வாரம் ஒரு காகிதம் அசையவில்லை. மாட்டு வியாபாரி ஒருவன் கடல் தாண்டிப் போகிறான் என்று கேட்டு, உனக்கு ஒரு கடிதத்தை அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பினோம். அவன் சட்டையைத் துவைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மூட்டை மூட்டையாக வந்தது. உன் கடிதம் இரண்டையும் ப்ரீட் உட்கார்ந்த இடத்தில் படித்தாள். பின்னாலே எழுதினது முதலில் கையில் வந்ததால், தந்தி ஏற்றின கதை புரியாமல், யாரோ உன் கன்னத்தில் கோடு போட்டுவிட்டான் என்று நான் எழுந்தே விட்டேன்.

என் வாசிப்பைப் பற்றி நீ எழுதின பகுதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. டால்ட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தீப்பிடிச்ச வீடா? இவரா? இவர் ஜிக்க ஆரம்பிச்சா நான் வீட்டுக்குப் போயி கறவைய முடிச்சிட்டு மிச்சத்தக் கேக்கலாமே."

"அவ காது அவளுக்கு. நீ மூடு," என்றேன்.

குழல் பழைய குழல்தான். மூச்சும் இருக்கிற மூச்சுதான். மற்றதை நேரில் பேசலாம். கப்பல் எந்தத் தேதி? மாடி அறை வெள்ளையாக இருக்கிறது. உன் பிடில் அதே ஆணியில் தொங்குகிறது.

கன்னத்துக்கு ஏதாவது தடவு.

முர்ட்டி

(இந்த இடத்தில் நான் ஒரு வரி எழுதப் பார்த்தேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். எழுதத் தெரியாதவருக்குப் பிடுங்க மட்டும் தெரிகிறது. ப்ரீட்.)

*

சேன் வலெந்தான்
14 ஜூலை 1979

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் முழங்கால் இரண்டும் தானாக மடங்கின. இன்றைக்கு இங்கே தேசத் திருநாள், ஊரே வாண வேடிக்கைக்குப் போயிருக்கிறது. நான் பெட்டியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9 லே ஹாவ்ரில் கப்பல், மறுநாள் ரோஸ்லேர். உன் வேகத்துக்கு வந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். சத்தியமாக, கொஞ்சம் பயமாக இருக்கிறது. உன்னிடம் இல்லை. அந்த அடுப்படியிடம்.

சந்திக்கும் வரை சுகமாக இரு.

நோனி

*

சேன் வலெந்தான்
4 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ப்ரீட் கட்டிக்கொடுத்த சோடா ரொட்டி கப்பலிலேயே தீர்ந்தது. பல் செட் இன்னும் ஈறைக் குத்துகிறதா?

பத்து மாதம் என்னிடம் மறைத்தாயே. வாசலில் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாய், மேல்வரிசை கழன்று என் தோளில் விழுந்தது. மாடு உதைத்த கேட் பட்டுப் பல் போயிற்று என்று ஒரு வரி போட்டால் வராமலா இருந்துவிடுவேன்?

"கேசட்ல பறந்தியே?" என்று கேட்டேன்.

"நான் எங்க பறந்தேன். அத அனுப்புன மறுநாளே பேட்டரி படுத்துருச்சு," என்றாய்.

ப்ரீட் புது பேட்டரி போட்டு, நான் கொண்டுவந்த கேசட்டைச் சுழலவிட்டபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "யாரு இந்தப் பொடியன்?" என்று கேட்டாய். செத்த பேட்டரியில் மெதுவாகச் சுற்றிப் பிடித்ததை, நான் பிளக்கில் போட்டு முழு வேகத்தில் கேட்டிருக்கிறேன். வேகமும் பொய், சுருதியும் பொய். அந்தப் பொய்யோடு ஓடி ஓடி என் மணிக்கட்டு இப்போது குதிரைக்காரன் மணிக்கட்டு. உன் பல்லில்லாத மெதுநடைக்கு என் நாய் திக்கித்திக்கிக் குரைத்தது.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் உன் அடுப்படிக்கு வந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நான் ஒரு மணி நேரம் தந்திகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் சக்கரம் உரசுகிற இடத்துப் பஞ்சைப் பிரித்துத் திரும்பச் சுற்றி, சக்கரத்துக்குப் பிசின் தடவினேன்.

"வாசிக்கப் போறாளா, இல்ல ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறாளா?" டால்ட்டிதான்.

வாசிக்க ஆரம்பித்ததும் பெட்டிக்குள் இருக்கிற நாய் குரைத்தது. மேஜைக்கு அடியில் கேப்டன் பதில் சொன்னான். "ரெண்டுல கேப்டனுக்குத்தான் தாளம் நிக்குது," என்றான் டால்ட்டி. ஆனால் இரண்டாம் தடவை அவனே கான்செர்ட்டினாவை எடுத்தான். நான் பார்த்தேன்.

அண்ணா, மூன்றாம் சுற்று வந்ததும் நீ குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டாய். மூச்சு முட்டிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த தடவையும் அங்கேயே எடுத்தாய். நான் தனியாக வாசித்தேன். முடிந்ததும் டால்ட்டி சொன்னான், "உங்கண்ணன் கட்டுனதாச்சே அந்த மூணாவது. டேப் மெஷினோட டப்ளின்லேருந்து ஒருத்தர் வந்து புஸ்தகத்துலயே போட்டாரு." உன்னைப் பார்த்தேன். நீ கேப்டனோடு பேச ஆரம்பித்துவிட்டாய்.

உன்னுடையது என்றால் சொல்லியிருக்கலாமே. அழகான சுற்று. அப்பாவினுடையது என்று நினைத்து அதற்காகத்தான் வந்தேன், அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி நான் கேட்க வந்ததற்குப் பதில் இல்லாமலேயே திரும்பினேன், அது உன் குற்றமில்லை.

நீ கொடுத்தனுப்பிய என் பழைய பிடிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். தந்திகளுக்கு அடியில் கல் மாதிரி வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. சுண்ணாம்பா? கத்தியால் சுரண்டலாமா என்று பார்க்கிறேன்.

பல் செட்டை இரவில் தண்ணீரில் போட்டு வை.

நோனி

*

க்ளோஹான்
9 அக்டோபர் 1979

தங்கை நோனிக்கு,

கத்தியைக் கீழே வை. மற்றதைப் பிறகு படி.

நான் சுகம். போப்பாண்டவர் லிமரிக் வந்து போனார். டால்ட்டி விடிவதற்கு முன்னாலேயே பஸ்ஸில் போய், தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பியைப் பார்த்துவிட்டு வந்தான். ஊரே பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்கிறது. நானும் ஒன்றை இறக்கிவைக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாக ப்ரீட்டிடம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பட்டப்பகலில் கடையைச் சாத்தச் சொன்னேன்.

"சாவு ஒண்ணும் இல்லையே, எதுக்குச் சாத்தணும்?" என்றாள்.

"எழுது," என்றேன்.

மூன்றாம் சுற்று நான் கட்டியது இல்லை. டப்ளின்காரர் "யாருடையது?" என்று கேட்டார். அப்பா போய்ச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. "உங்களுதுதானோ?" என்றார். அப்போதும் திறக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார். ஊரில் தோளைத் தட்டினார்கள். அது நன்றாக இருந்தது, நோனி. நீ கேசட்டைக் கேட்டு என்னைப் பையன் என்று எழுதினபோது இருந்த மாதிரி.

அப்பா கட்டியதும் இல்லை.

பனியின் நாலாம் நாள். மத்தியானம்தான், ஆனால் ஜன்னலைப் பனி அடைத்துவிட்டதால் விளக்கு ஏற்றியிருந்தோம். அப்பா இரண்டு சுற்றையும் வாசித்து வாசித்து, அடுத்தது எங்கே போவதென்று தெரியாமல் காலையிலிருந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நீ மேஜையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாய். திரும்பினாய். கையைக்கூடத் துடைக்காமல் ஆணியிலிருந்து உன் பிடிலை எடுத்தாய். அவர் நிறுத்தின இடத்திலிருந்து நேராக ஒரு சுற்று வாசித்தாய், யோசிக்காமல், வழியில் கிடந்த குச்சியை எடுக்கிற மாதிரி. பிடிலைத் திரும்ப மாட்டிவிட்டு மாவுக்குப் போய்விட்டாய்.

"எங்கருந்துடி வந்துச்சு இது?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. அடுப்புலேருந்து," என்றாய். ரொட்டி கருகுமே என்ற கவலைதான் உனக்கு. அதனால்தான் நினைவில்லை. உன் விரலுக்கு இருந்திருக்கிறது.

மறுவருஷம் நீ போனாய். அவர் கொட்டகையை விட்டு வரவில்லை. உண்மை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம், எங்கே வாசித்தாலும், இரண்டாம் சுற்று முடிகிற இடத்தில் குனிந்து மெதுவாகச் சொல்வார்: "இப்ப நோனி." பக்கத்தில் உட்கார்ந்து குழல் ஊதுகிற எனக்கு மட்டும்தான் கேட்கும். நம் ஊரில் மெட்டு யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயர்தானே அதற்குப் பெயர். அந்தச் சுற்றுக்கு அவர் வைத்த பெயர் அது. உன் பிடிலில் காய்ந்திருப்பது சுண்ணாம்பு இல்லை. அன்றைக்கு ஒட்டின மாவு. அம்மா துடைக்கப் போனாள். அவர் விடவில்லை.

மன்னித்தாரா என்று கேட்டாயே. மன்னிக்கிற மாதிரி நீ என்ன செய்தாய் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு உன் வாசிப்பில் அந்த இடம் வந்தபோது எனக்கு மூச்சு முட்டவில்லை. இருந்தது, நிறையவே. வழிவிட்டேன்.

(அழுகிறேன். கடை சாத்தியிருப்பதால் யாரும் பார்க்கவில்லை. ப்ரீட்.)

டப்ளின்காரருக்கும் இன்றைக்கே தனியாக ஒன்று எழுதுகிறோம், புத்தகத்தைத் திருத்தச் சொல்லி. சாட்சி யார் என்று கேட்பார். அந்த அடுப்படியில் ஏழு பேர். அப்பா மாட் லில்லிஸ், வைக்கோல் ஏற்றின வாரம் போய்ச் சேர்ந்தார். அம்மா சபீனா, அடுத்த வருஷம் தவக்காலத்தில். சித்தி பிட், என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே. பனியில் நம் வீட்டிலேயே அகப்பட்ட தபால்காரர் பேக்கி, தபால் முழுவதையும் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபிறகு. கோட்டுக்கு அளவெடுக்க வந்து ஐந்து நாள் நம்மோடு மாட்டிக்கொண்ட தையல்காரர் சன்னி ஹோகன், லிவர்பூலில், போன வருஷம். சொல்லிக்கொண்டிருக்கிறவனை எண்ணக்கூடாது. அவனை நீக்கினால் உயிரோடு மீதி ஒருத்தி. மாவுக் கையோடு நின்றவள். நோனி என்று சுருக்காமல் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லி ப்ரீட்டிடம் சொல்லிவிட்டேன்: ஹனோரா லில்லிஸ்.